சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள் மாலினி என் கடைக்கு வந்தாள். லண்டன் ஹவுன்ஸ்லோவில் நான் மருந்து கட்டிக் கொடுக்கும் அந்தச் சின்னக் கடைக்குத்தான். இருமல் பாணி வாங்க நின்ற இரண்டு பேருக்குப் பின்னால், தெரிந்தவள் என்ற உரிமை எதையும் காட்டாமல், வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் கைப்பையைத் திறந்து உன் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"இவரின்ரை சாமானெல்லாம் ஒதுக்கினனான் அண்ணை. பழைய கண்ணாடியளைச் சேர்த்து அனுப்புறனீங்கள் எல்லே, அதோடை இதையும் போடுங்கோ" என்றாள்.

உங்கள் வீடு இருக்கும் சட்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி இதற்கென்றே வந்திருக்கிறாள். இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் உன் மனைவி என்ற நாளிலிருந்து இவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கூட்டைத் திறந்தேன். பத்து வருடமாக உன் முகத்தில் இருந்த கண்ணாடி. வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை. துடைக்கிற துணியைத் தூக்கினால் அதற்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள். விரித்துப் பார்த்தேன். பின்பக்கம் காய்ந்த பசை. முன்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. கறைக்கு நடுவே நீல மையில் ஓர் எண், ஒரு தேதி, கடைசியில் இரண்டு எழுத்து. என் கையெழுத்து மச்சான். என் பெயரின் முதலெழுத்துகள்.

கவுண்டருக்குப் பின்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ இதை எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடமாகத் தெரியாது. நீ இருந்தபோது பேச வேண்டியதை நீ போன பிறகு எழுதுகிற கோழை நான். இருந்தாலும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சூட்கேசோடு நான் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது, பஸ் சாரதிச் சீருடையோடு வந்து நின்றவன் நீ. ஷிப்ட் முடிந்து உடுப்பு மாற்ற நேரமில்லை என்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் நாங்கள். நீ பன்னிரண்டு வருடம் முந்தியே இங்கே வந்து சட்டனில் வீடு வாங்கிச் சிவப்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து, குண்டு விழாத இடம் தேடி வந்தவன். உன் வீட்டின் சின்ன அறையில் படுத்துக்கொண்டு, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்த என் அகதி மனுவுக்கு முடிவு வரும் வரும் என்று காத்திருந்தேன்.

வந்து இரண்டாவது கிழமையே சண்டை பிடித்தோம், நினைவிருக்கிறதா? மாடிப்படிக்குக் கீழே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். நீ பெரிய பெருமையோடு திறந்து காட்டினாய். ஒரு றிவோல்வர். நான் வெளியே தோட்டத்துக்கு ஓடிவிட்டேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான்ரா நான். இஞ்சை வந்து துவக்கோடை ஒரே வீட்டிலை படுக்கச் சொல்லுறியோ? உனக்கென்ன விசரே?"

நீ கதவில் சாய்ந்து நின்று சிரித்தாய். "இது கடதாசியிலை ஓட்டை போடுற துவக்கு மச்சான். இருபத்தைஞ்சு யார் தூரம் தள்ளி ஒரு வட்டக் கடதாசி தொங்கும். அதுக்கு அண்ணன் தம்பி ஒருத்தரும் இல்லை. பழி வாங்க வரமாட்டினம்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை நான் தொடவில்லை. மாலினிதான் வந்து சமாதானம் சொன்னாள். பஸ் கராஜின் சோஷல் கிளப்பில் டார்ட்ஸ் எறிகிறவர்கள் எறிகிறார்கள், பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்கள் ஆடுகிறார்கள், இவருக்கு இது, பொலிஸே தந்த சான்றிதழ் இருக்கிறது என்றாள். அந்த நாளில் அதெல்லாம் இந்த நாட்டில் சட்டப்படி சரி. எனக்குத்தான் அந்தப் பெட்டியைக் கடந்து மாடிக்கு ஏற ஒரு மாதம் பிடித்தது.

பிறகு எப்படி நானே உன் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தராசுதான் என்னை இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தோட்டத்து ஷெட்டுக்குள் போய்விடுவாய். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைக் கழுவிக் காயவைத்து, அடியில் பொறி தட்டும் புதுக் கேப் ஏற்றி, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து நெம்புகோலால் அழுத்துவாய். பழைய கோது புதுத் தோட்டாவாகிவிடும். கடையில் வாங்குகிற தோட்டா கையை உதைக்கிறது, நானே செய்தால் மெதுவாகச் செய்யலாம் என்பது உன் நியாயம். ஒரு நாள் உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அந்தத் தராசைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் நான் கையாண்ட அதே வகைத் தராசு. அதே கிரெயின் எடைக் கணக்கு. இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்று சில்லறை எண்ணி மரத்துப்போன விரல்கள் அதைத் தொட்டதும் விழித்துக்கொண்டன.

"தள்ளு" என்றேன். "நீ அளக்கிற வடிவைப் பாக்கேலாது. அரிசி அளக்கிற மாதிரி அளக்கிறாய்."

அன்றிலிருந்து நிறுப்பது என் வேலை, அழுத்துவது உன் வேலை. என்னை 'டொக்குத்தர்' என்று கூப்பிடத் தொடங்கினாய். நான் நிறுத்து நீட்டுவேன், நீ ஒவ்வொரு கோதையும் விளக்குக்குக் கீழே சரித்து உள்ளே பார்ப்பாய். சான்றிதழ் இல்லாதவன் தோட்டாவில் கைவைப்பது குற்றம் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ பக்கத்தில் நின்றாய், அதனால் பெரிதாக நினைக்கவில்லை. சத்தியமாக அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் லண்டனில் நான் மனிதனாக இருந்த நேரம்.

தராசுக்கு மேலே சுவரில் நீ ஓர் அட்டை ஒட்டியிருந்தாய். உன் குண்டுக்கு எவ்வளவு வெடிமருந்து என்று புத்தகத்தில் பார்த்து எழுதிய இரண்டு எண்கள். இதற்கு மேலே போகாதே என்று ஒன்று. இதற்குக் கீழே போகாதே என்று ஒன்று. கீழ் எண்ணுக்கு அடியில் சிவப்புப் பேனையால் தடிப்பாக ஒரு கோடு போட்டிருந்தாய். மேலே ஏன் போகக்கூடாது என்பது எந்த மடையனுக்கும் விளங்கும். கீழே ஏன் போகக்கூடாது என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நீ சொல்லத் தொடங்கினால் நிறுத்துகிற ஆளா? ஒரு வாய் வார்த்தை கேட்காமல் விட்டதுதான் மச்சான், எல்லாம் தொடங்கியது அங்கேதான்.

உன் மணிக்கட்டு வலி அந்த மாரிகாலத்தில் கூடியது. அந்தப் பழைய பஸ்ஸின் பெரிய ஸ்டியரிங் சில்லை எட்டு மணித்தியாலம் சுற்றிவிட்டு, வியாழக்கிழமை பின்னேரம் கிளப்பில் போய்ச் சுடுவாய். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஏலாமல் மாலினியிடம் கையை நீட்டுவாய். நீ ஏற்கனவே சிவப்புக் கோட்டின் மேலேயே நின்று, ஆகக் குறைந்த அளவில்தான் செய்துகொண்டிருந்தாய். அதற்கும் கை நொந்தது. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நீ பல்லைக் கடிக்கிறதை நான் மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு யாரோ ஒரு சாரதிக்குச் சுகமில்லை என்று கராஜிலிருந்து போன் வந்தது. பாதி வேலை கிடந்தது. நீ சீருடையை மாட்டிக்கொண்டே ஷெட்டுக்குள் தலையை நீட்டினாய். "டொக்குத்தர், மிச்சத்தை முடிச்சு வை. உனக்குத் தெரியாததே!"

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் தொழிலில் பயமெல்லாம் கூடுவதில். சந்தேகமென்றால் குறை. வயது போனவரா, குறை. குழந்தையா, பாதியாக்கு. பன்னிரண்டு வருடம் அப்படிக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தேன், என் கையால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. குறைத்தால் அதிகபட்சம் நோய் குறையாது, அவ்வளவுதானே. அந்த எண்ணத்தோடு உன் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். புத்தகம் எழுதினவனுக்கு உன் மணிக்கட்டைத் தெரியுமா என்று நினைத்தேன். தராசைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.

இன்னொரு பழக்கமும் என் கையில் இருந்தது. லேபல் ஒட்டாமல் ஒரு போத்தலையும் நாங்கள் வெளியே விடமாட்டோம். கலவைச் சாடி என்றால் அடியில் ஒட்டுவோம்: அளவு, தேதி, கலந்தவனின் எழுத்து. தோட்டாப் பெட்டியின் அடியிலும் அப்படியே ஒட்டினேன். உண்மையான எண்ணைத்தான் எழுதினேன். உனக்குப் பிடித்திருந்தால் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, பார்த்தியா டொக்குத்தரின் வேலையை என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை நீ விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். பொத்தானை நீயே கழற்றினாய்.

"மச்சான், இந்த முறை கை நோகேல்லை. பழகிட்டுது போலை."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ அட்டையைக் காட்டிக் கத்துவாய், பழையபடி நோகிற தோட்டாவுக்கே போவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது மட்டுமா? அடுத்த ஞாயிறும் ஓவர்டைம் வந்தது, நான் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் சுகமாக இருக்கட்டும் என்று. அந்தப் பெட்டிக்கும் அடியில் ஒழுங்காக லேபல் ஒட்டினேன்.

அடுத்த வியாழன் என்னையும் விருந்தாளியாகக் கூட்டிப் போனாய். ரயில் பாலத்து வளைவுக்குள் கிளப்காரர்கள் சுடுகிற அந்த நீளமான இடம். காதுக்கு மூடி தந்தார்கள். நான் பின்னாலிருந்த வாங்குப் பலகையில் தேத்தண்ணிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நேரக் கணக்கில் அடுத்தடுத்து ஐந்து சூடு சுடுகிற முறை. முதல் சூடு, இரண்டாவது சூடு. மூன்றாவது வேறுமாதிரிக் கேட்டது. சோளம் பொரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எனக்குச் சந்தோசம் மச்சான். என்ன மெதுவாய்ப் போகிறது, கை நோகாது என்று அந்தக் கணத்தில் நான் நினைத்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. டென்னிஸ், அந்த ரேஞ்ச் பொறுப்பாளர், "ஸ்டொப்!" என்று கத்தினார். நீ காதுமூடிக்குள் இருந்தாய். வேறு நாளென்றால் உதை குறைந்ததை உன் கை சொல்லியிருக்கும். இரண்டு கிழமையாக மெதுவான உதைக்கு அதை நான் பழக்கிவைத்திருந்தேன். நீ நாலாவதை அழுத்தினாய்.

அதற்குப் பிறகு நான் பார்த்தவை துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. குழல் பிளந்து கிடந்தது. நீ முழங்காலில் நின்றாய். முகத்தின் வலப்பக்கம் முழுக்க ரத்தம். மேசையிலிருந்த பெட்டி கவிழ்ந்து தோட்டாக்கள் உருண்டன. நீ கையால் தரையைத் தடவினாய், பெட்டியை இழுத்தாய். கண்ணாடியைத் தேடுகிறாய் என்று நினைத்து நான் உன் பக்கத்தில் விழுந்து உன் கண்ணாடியைத் தேடினேன். நீ தேடியது கண்ணாடியை இல்லை என்று எனக்கு அந்தத் தாளைக் கண்ட அன்றுதான் தெரிந்தது.

டென்னிஸ் துவாயால் உன் முகத்தை அழுத்திக்கொண்டு, யார் இதை லோட் பண்ணினது என்று கேட்டார். "நான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். "எல்லாம் நான்தான், வேறை ஒருத்தரும் தொடேல்லை." பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தமிழில் சொன்னாய். "வாயைத் திறவாதை. குரோய்டனிலை உன்ரை பைல் கிடக்குது. தோட்டா செய்த அகதி எண்டு ஒரு சொல் போனால் உன்னைத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்."

அந்த நேரத்தில் திருப்பி ஏற்றினால் கொழும்பு விமான நிலையத்தில் எனக்கு என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள், தலையைச் சுற்றிய கட்டோடு நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். கண் போனவன் கண்ணைப் பறித்தவனுக்குப் பாடம் எடுத்தாய். "பவுடர் குறைஞ்சால் குண்டுக்குக் குழலைக் கடந்து போகப் பலம் காணாது மச்சான். பாதியிலை இறுகி நிண்டிடும். அடுத்தது வந்து அதிலை மோதும். கூடினாலும் வெடிக்கும், குறைஞ்சாலும் வெடிக்கும். அதுக்குத்தான் அந்தக் கோடு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "தராசு பிழையாக் காட்டியிருக்குமோ மச்சான்?" என்றேன்.

மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாய். "இருக்கும்" என்றாய். பிறகு, "ஷெட்டை உன்னட்டை விட்டிட்டுப் போனது நான். பிழை என்ரை" என்றாய். அந்த நேரம் என் லேபல் எங்கே இருந்தது மச்சான்? உன் தலையணைக்குக் கீழேயா? கட்டிலோடு நின்ற அலுமாரிக்குள்ளா?

கிளப்காரர்கள் மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து நிறுத்துப் பார்த்தார்கள். எல்லாம் கோட்டுக்குக் கீழே. பெட்டியில் லேபல் எதுவும் இல்லை என்று கேள்விப்பட்டபோது, பசை சரியில்லை, விழுந்திருக்கும் என்று நான் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டேன். உன் பெயரைப் போட்டு, ஆகக் குறைந்த அளவுக்கும் கீழே இறங்கிய உறுப்பினருக்கு நேர்ந்தது இது, மற்றவர்கள் பாடம் படியுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்கள். ஒவ்வொரு கோதையும் விளக்குக்குக் கீழே சரித்துப் பார்க்கிற உன்னைப் பற்றி. பொலிஸ் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட ஏலாது என்று கராஜில் சீருடை கொடுக்கிற அறைக்கு உன்னை மாற்றினார்கள்.

உன்னோடு பஸ்ஸில் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு நாங்கள் எங்கே போனாலும் மேல்தட்டில் முன் இருக்கையில் ஏறி உட்காருவாய். சந்தியோ தரிப்போ வந்தால் உன் வலது கால் தானாக நிலத்தை அழுத்தும், இல்லாத பிரேக்கை. நான் சன்னலுக்கு வெளியே பார்ப்பதாகப் பாவனை செய்வேன். வீட்டுக்கு வந்தால் மாலினி இருப்பாள். அவளுக்கு ஆற்றாமை. "ஒரு கோட்டைப் பார்த்து நடக்கத் தெரியாத மனிசன். கண்ணும் போச்சு, பஸ் ஓட்டமும் போச்சு. அப்பிடி என்ன அவசரம் உங்களுக்கு?" என்று ஏசுவாள். நீ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஓம் ஓம், என்ரை பிழைதான்" என்பாய். நான் அதே மேசையில் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

எட்டு மாதம் கழித்துக் குரோய்டனிலிருந்து கடிதம் வந்தது. இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் பிரிக்காமலே உன்னிடம் நீட்டினேன். நீதான் வாங்கி, ஒரு கண்ணுக்குக் கிட்டே பிடித்து, சத்தமாக வாசித்தாய். மாலினி அழுதாள். நீ என்னை ஷெட்டுக்குக் கூட்டிப் போனாய். எல்லாம் ஒழித்துவிட்டிருந்தாய், தராசு மட்டும் துணி சுற்றி இருந்தது. அதை என் கையில் வைத்தாய்.

"டிஸ்பென்சர் வேலைக்குத் திரும்பப் போவாய் எல்லே. வைச்சிரு. இது நல்ல தராசு மச்சான். பிழையாக் காட்டுற தராசு இல்லை." பிறகு சொன்னாய், "இனி உனக்கு ஒரு பயமும் இல்லை."

சொல்லிவிட்டு நின்றாய். நிறைய நேரம் நின்றாய். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுகிற சத்தம் கேட்டது. இப்போது நினைத்தால், அதைவிட அகலமாக ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிட முடியாது. நான் தராசைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டு, "தாங்ஸ்ரா" என்றேன்.

குரோய்டன் பயம் போனது. பிறகு எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், உன் முகத்துக்குத்தான். தெரிந்த பிறகு நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று பயந்தேன். நீ தெரிந்துதான் அத்தனை வருடமும் பார்த்தாய். என் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றாய். நான் ஹவுன்ஸ்லோக் கடையில் சேர்ந்த நாளில் முதல் ஆளாக வந்து தலைவலி மாத்திரை வாங்கி, "டொக்குத்தர், லேபலை வடிவாய் ஒட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாய். பகிடி என்று சிரித்தேன். அது பகிடிதானா மச்சான்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கைத்துப்பாக்கிகள் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சட்டம் வந்தது. "நான் எல்லாருக்கும் முந்திக் குடுத்திட்டன்" என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சொன்னாய். கிளப்பும் மூடப்பட்டது. அந்தப் பலகையில் உன் பெயர் இருந்த இடத்தில் போய், இது பிழை, அது நான் என்று எழுத இப்போது பலகையும் இல்லை. ஒரு காலை, கராஜுக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்த நீ நிமிரவில்லை. இதயம் என்றார்கள். மாலினியின் போன் வந்தபோது நான் யாரோ ஒருவருடைய இரத்த அழுத்த மாத்திரைக்கு லேபல் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு சட்டனுக்குப் போனேன். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். உட்காராமல் நின்றபடி எல்லாவற்றையும் மாலினிக்குச் சொன்னேன். தராசை இறக்கியது, இரண்டாம் முறை இறக்கியது, சத்தம் மெதுவாய்க் கேட்டுச் சந்தோசப்பட்டது, ஆஸ்பத்திரியில் தராசின் மேல் பழி போட்டது. ஒன்றையும் விடவில்லை. அவள் தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பயிலை இருந்து?"

"அண்டைக்கே. ரத்தத்தோடை பெட்டியிலையிருந்து உரிச்செடுத்திருக்கிறான்."

அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் அவரை ஏசினது?" என்றாள். "பத்து வருசம் ஏசினனே அண்ணை. அந்தக் கண்ணாடியைக் கழட்டுற நேரமெல்லாம் ஏசினனே. கடைசிக் கிழமையும் ஏசினனான். ஏன் அந்த மனிசன் ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

உன் கண்ணை எடுத்தது போதாதென்று, உன் மனைவிக்கு மிச்சமிருந்ததையும் போய் எடுத்துவிட்டேன். உன் மேல் கோபப்பட அவளுக்கு ஒரு காரணமாவது இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

அவள் குசினிக்குள் போனாள். போ என்று சொல்லப் போகிறாள் என்று என் மேலங்கியைக் கையில் எடுத்தேன். தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டிலிருந்து நாங்கள் கை கழுவிக்கொண்டு வருகிறபோது வைப்பாளே, அதே இடத்தில், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. வைத்த பிறகுதான் கண்டாள். ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்தாள்.

"இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டேன் மச்சான். எப்படி இறங்கியது என்று கேட்காதே. வாசலில் சப்பாத்துப் போட்டபோது தாளை எடுத்து வந்து நீட்டினாள். "இது உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணை. என்னட்டை இருந்தால் உங்களையும் ஏசத் தொடங்கிடுவன். எனக்கு இனி ஒருத்தரையும் ஏசேலாது."

பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறினேன். உன் முன் இருக்கை காலியாக இருந்தது. அதில் இருக்க மனம் வரவில்லை, பின்னால் போய் இருந்தேன். தாள் சட்டைப் பையில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கடையில் லேபல் ஒட்டக் குனிகிறபோதெல்லாம் நெஞ்சில் அதன் மடிப்பு குத்துகிறது. குத்தட்டும்.

அவள் ஏசியிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். நீயும் அன்றைக்கு ஷெட்டில் நின்று, டேய், உன்ரை கையெழுத்தை நான் பாத்திட்டன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பத்து வருடம் அந்த மேசையில் உனக்கு விழுந்த ஏச்செல்லாம் என்னுடையது மச்சான். ஒன்றையாவது எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கலாமே.